மாடிஃபை செய்த காருக்கு நல்ல டியூனர்: கேள்வி பதில்

அண்ணா, டர்போ, பெரிய இஞ்செக்டர், இன்டர்கூலர் எல்லாம் மாட்டியாச்சு. கையிலிருந்த காசு பார்ட்ஸுக்கே போய்விட்டது. குறைந்த செலவில் திறமையான டியூனரை எப்படிப் பிடிப்பது?

தம்பி, புது பார்ட்ஸுக்கு ஏற்ப இஞ்சின் கணினியின் அமைப்பைத் திருத்துவதுதான் டியூனிங். அந்தச் செலவு எகிறுவதற்கு டியூனரின் கூலி மட்டும் காரணமில்லை. பாதி தயாரான காரை டைனோ (நின்ற இடத்திலேயே ஓடவிட்டு இஞ்சின் சக்தியை அளக்கும் இயந்திரம்) மேல் ஏற்றுவதுதான் பெரிய காரணம். டைனோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. அங்கே போனபிறகு பூஸ்ட் (டர்போ தள்ளும் அழுத்தக் காற்று) குழாய் கழன்றாலும் கிளட்ச் வழுக்கினாலும் அந்த நேரமும் உங்கள் தலையில்தான் விழும்.

அதனால் முதலில், ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங்கைத் தள்ளிவைத்து இஞ்சினைக் கவனியுங்கள். அப்புறம் இன்டேக் குழாய்களை அடைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். எங்கே குமிழ் கிளம்புகிறதோ அங்கே கசிவு. எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தவறாகக் காட்டும். அதை நம்பி டியூனர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவார். புது ஸ்பார்க் பிளக், புது ஆயில், வழக்கமாகப் போடும் பெட்ரோல் முழு டேங்க். இவ்வளவும் முடித்துவிட்டுப் போனால் பல மணி நேரம் மிச்சம்.

டியூனர் திறமையானவரா என்று என்னைப் போன்ற புதியவர் எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். இஞ்செக்டர் அளவு, பெட்ரோல் பம்ப், எந்த ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), எந்த எரிபொருள், தினமும் ஓட்டுவீர்களா, டிராக்குக்கு மட்டுமா? இதையெல்லாம் கேட்காமல் நேராக "இத்தனை குதிரைசக்தி எடுத்துத் தருகிறேன்" என்று தொடங்குபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, உங்கள் இஞ்சினையும் உங்கள் ஈசியூவையும் சேர்த்து எத்தனை கார் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். ஹால்டெக் போலத் தனியாக வாங்கி மாட்டும் ஈசியூவில் கைதேர்ந்தவருக்கு, காரோடு வரும் கம்பெனி ஈசியூவின் உள்விவரம் தெரியாமல் இருக்கலாம். பழைய கார் ஒன்றின் டேட்டா லாக்கைக் காட்டச் சொல்லுங்கள். காற்று-எரிபொருள் விகிதம், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), நாக் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து இஞ்சினைத் தாக்குவது), இன்டேக் வெப்பம் எல்லாம் அதில் பதிவாகியிருக்க வேண்டும். அவர் டியூன் செய்து ஓராண்டுக்கு மேல் ஓடும் கார்களின் சொந்தக்காரர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். நேற்று டைனோவில் இருந்து இறங்கிய கார் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

இதில் எனக்கு ஒரு பெரிய அடி உண்டு. என் முதல் டர்போ காரை, மலிவாகக் கிடைத்தது என்று ஒருவரிடம் விட்டேன். டைனோ தாளில் அழகான எண் வந்தது. நாக் வருகிறதா என்று யாரும் கவனிக்கவில்லை. வெயில் காலத்தில் ஒரு மத்தியானம், நான்காவது கியரில் சக்தி சட்டென்று விழுந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் அலுமினியத் துகள்கள். இஞ்சினைப் பிரித்ததும் பிஸ்டன் கைக்கு வந்தது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு இல்லை. டியூனிங்கில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அன்று செலவானது. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே காருக்கு இரண்டு டைனோவில் இரண்டு குதிரைசக்தி எண். எதை நம்புவது?

இரண்டையும் ஒப்பிடாதீர்கள். டைனோவின் வகை, அன்றைய வெப்பம், வெப்பம், காற்றழுத்தத்துக்காகப் போட்ட திருத்தக் கணக்கு எல்லாம் எண்ணை மாற்றும். ஒரே டைனோவில் டியூனுக்கு முன், பின் எடுத்த அளவுதான் பேசும்.

வெளியூர் டியூனர் ஆன்லைனில் மேப் (ஈசியூவில் ஏற்றும் ஃபைல்) அனுப்பி டியூன் செய்கிறேன் என்கிறார். செலவு பாதிதான். சரிப்படுமா அண்ணா?

பலரும் டியூன் செய்து பழகிய இஞ்சின், வழக்கமான பார்ட்ஸ் என்றால் தாராளமாகச் சரிப்படும். அவர் மேப் அனுப்புவார், நீங்கள் ஓட்டி லாக் எடுத்து அனுப்புவீர்கள், திருத்தி அனுப்புவார். ஐந்தாறு முறை இப்படிப் போகும். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் தொடங்காதீர்கள். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டத்தைப் பொதுச் சாலையில் எடுக்கவே எடுக்காதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மணி நேரம் டைனோவை வாடகைக்கு எடுத்து, டியூனரை ஆன்லைனில் உட்காரவையுங்கள். பெரும்பாலும் அதுவே முழு டியூனிங்கைவிடக் குறைவாக முடியும். எல்லாமே தனியாகச் செய்த அபூர்வ இஞ்சின் என்றால் மட்டும் நேரில் போங்கள்.

நானே லேப்டாப்பில் கற்றுக்கொண்டு செய்யலாமா?

ஐடில் (கார் நிற்கையில் இஞ்சின் சும்மா ஓடுவது), மெதுவான ஓட்டம் வரை செய்யலாம். அங்கே இஞ்சின் மேல் சுமை குறைவு. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. டர்போ முழு பூஸ்டில் வெப்பத்தைக் கட்டுப்படுத்த, பெட்ரோலைக் கூட்டி அந்த விகிதத்தை 11.5 முதல் 12 வரை கொண்டுவருவார்கள். இந்தக் கணக்கு புத்தகத்தில் கிடைக்கும். பூஸ்டில் இக்னிஷன் டைமிங் அப்படி இல்லை. ஒரு டிகிரி அதிகமானாலே நாக் தொடங்கலாம். சத்தம் உங்கள் காதுக்கு எட்டுவதற்குள் சேதம் ஆரம்பித்திருக்கும். அந்தப் பகுதியை மட்டும் அனுபவசாலியிடம் விடுங்கள். இப்படிப் பிரித்துக்கொண்டாலே செலவு நன்றாகக் குறையும்.

டியூன் முடிந்தது. காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது.

இஞ்சின் முழுதாக ஆற ஒரு இரவு வேண்டும். அதனால் கோல்டு ஸ்டார்ட்டை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சோதிக்க முடியும். டைனோவில் ஒரே நாளில் அது முடியாது, டியூனர் பிறகுதான் அதைத் திருத்த வேண்டும். பின்வேலையும் கூலியில் சேருமா, மேப் ஃபைலைக் கையில் தருவாரா, வேறு யாரும் திறக்காதபடி பூட்டிவிடுவாரா என்று காரை விடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

இன்னும் பூஸ்ட் ஏற்றச் சொன்னேன். டியூனர் மாட்டேன் என்கிறார். வேறு ஆளைப் பார்க்கலாமா?

காரணம் சொன்னாரா? பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் 90 சதவீத டியூட்டிக்கு (திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) போய்விட்டது என்றால் அவர் சொல்வதுதான் சரி. 80, 85க்கு மேல் போனால் கூடுதல் பெட்ரோல் கொடுக்க இடமில்லை, பூஸ்ட் ஏறும்போது கலவை மெலிந்துவிடும். லாக்கில் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் காசு வருகிறது என்று தெரிந்தும் மாட்டேன் என்கிறார் பாருங்கள், அந்த மனிதரை விட்டுவிடாதீர்கள். அடுத்த அளவு இஞ்செக்டர் எது, பம்ப் தாங்குமா என்று அவரிடமே கேட்டு வாங்கி மாட்டுங்கள்.