பாறை எப்படி வேறு பாறையாக மாறுகிறது?

கல்லாக இறுகிப்போன ஒன்று எப்படி இன்னொரு வகைப் பாறையாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும், ஆனால் மெதுவாக, கோடிக்கணக்கான ஆண்டுகளில்.

சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது சார்னோக்கைட் என்ற பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும், அதற்கு முன்பிருந்த பாறையின் கனிமங்கள் தங்களுக்குள் இருந்த நீரை இழந்து பைராக்சீன் போன்ற புதுக் கனிமங்களாக மாறின. முழுதாக உருக வேண்டிய அவசியம்கூட இல்லை. அவ்வளவு ஆழத்தில் உருவானது இன்று நம் காலடியில் இருக்கிறது என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போயிருக்கிறது! எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

சரி, அரித்தது எங்கே போகும்? பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாகிறது, ஆறு கடலுக்குக் கொண்டுபோகிறது, அடுக்கடுக்காகப் புதைந்து, சிலிக்காவோ சுண்ணமோ மணலை ஒட்டவைத்தால் மணற்கல். அதுவே இன்னும் ஆழத்தில் வெந்தால் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை.

அப்புறம், இதற்கு நிலையான வரிசை கிடையாது. மணற்கல் மறுபடி மணலாகலாம், கிரானைட் மணலாகாமலேயே நைஸ் (gneiss) என்ற பட்டை பட்டையான பாறையாகலாம், எதுவும் உருகி மாக்மா என்ற பாறைக்குழம்பாகலாம்.