நெஞ்சு நோய் வார்டில் பிள்ளைக்கு என்ன வேலை?

அண்ணே, வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நீட் கைகூடவில்லை, மகள் ரெஸ்பிரேட்டரி தெரபி என்கிற மூச்சுச் சிகிச்சைப் படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பென்றே தெரியவில்லை. மதினியோ, நெஞ்சு நோய்க்காரர்கள் நடுவில் நின்று இவளும் இருமிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று கலங்குகிறார்கள். மதினியின் பயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே வயதானவர்கள், கருப்பட்டி காய்ச்சும் அடுப்புப் புகையில் பாதி ஆயுளைக் கழித்த பெண்கள், கடலுக்குப் போனாலும் பீடியை விடாதவர்கள். இவர்களில் பலருக்கு இருப்பது சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய். அப்படி ஒருவரை நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்தால், கூட வந்தவர்கள் 'ஆக்சிஜனை நல்லாத் திறந்து விடுங்க' என்றுதான் சத்தம் போடுவார்கள். அங்கேதான் வினையே. கரியமில வாயு உடம்பில் தேங்கிப் பழகிவிட்டவருக்கு ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறும். ஆள் பேச்சுக் குறைந்து, கண் சொருகி, மயக்கத்துக்கே போய்விடலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் கருவி 88-க்கும் 92-க்கும் இடையில் காட்டினால் அவருக்குப் போதும். நமக்கு நூறைத் தொட்டால்தான் நிம்மதி. அவருக்கு அந்த நூறே கேடு.

இப்படி அளந்து கொடுப்பதற்கென்றே வென்டுரி மாஸ்க் என்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் நிறம் நிறமாக இருக்கும். நீலம் என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்து 24 சதவீத ஆக்சிஜன். வெள்ளை என்றால் 4 லிட்டரில் 28 சதவீதம். எந்தத் துண்டு யாருக்கு, மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் என்ன சொல்கிறது, மாஸ்க் போதாமல் பைபாப் என்கிற, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷினை வைக்கும் நேரம் வந்துவிட்டதா, வென்டிலேட்டரில் இருப்பவரை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எப்படி விடுவிப்பது என்பதெல்லாம் டாக்டர் முடிவு. கட்டிலோரம் நின்று அதைச் செய்து, மாற்றத்தைக் கவனித்து, உடனே சொல்கிறவர்தான் இந்த தெரபிஸ்ட்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். கடலுக்குப் போகும் முன் டீசல் கணக்குப் போடுகிறவர் நீங்கள், சட்டென்று பிடிபடும். ஆம்புலன்ஸில் ஏற்றும் பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறதென்றால் இரண்டரை மணி நேரம் வரும். இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல். இதையே இராமேஸ்வரம் தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, வழியில் எங்கும் சிலிண்டர் மாற்றாமல் மதுரை வரை கொண்டுபோகப் பார்த்தால் தாங்காது. கிளம்பும் முன்பே இதைப் போட்டுப் பார்க்கிற ஆள் வண்டியருகில் வேண்டும். 2022 ஜனவரியில் நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகும் சிலரை மதுரைக்கு அனுப்பத்தான் வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பரபரப்பு தினமும் இருக்காது. இன்ஹேலரைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதும் இவர்கள் வேலைதான். பலர் மருந்தைத் தொண்டைக்கு அடித்துவிட்டு 'கேட்கவில்லை' என்பார்கள். மெதுவாக உள்ளே இழுத்து, பத்து வினாடி மூச்சைப் பிடித்து, ஸ்டீராய்டு இன்ஹேலராக இருந்தால் வாயையும் கொப்பளிக்க வேண்டும். அதே ஆளுக்கு அலுக்காமல் நாலாவது தடவையும் காட்டும் பொறுமை உங்கள் மகளுக்கு உண்டா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, எங்கே படிப்பது. உங்கள் கடிதத்தில் இதை நீங்கள் கேட்கவே இல்லை. எனக்குக் கவலை எல்லாம் இதில்தான். பி.எஸ்சி. பட்டம், பயிற்சி ஆண்டோடு சேர்த்து நான்கு வருடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால் போதும். இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான், சென்னை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு மூலம் அரசு ஒதுக்கீட்டு இடங்களைக் கொடுத்து வந்தார்கள். இந்த வருட விதியை அவர்கள் வெளியிடும் விளக்கக் குறிப்பேட்டில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரி என்றால், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இந்தப் பாடத்துக்கே இருக்கிறதா என்று பாருங்கள். நர்ஸிங்குக்கு வாங்கிய இணைப்பைக் காட்டி இதற்கும் ஆள் சேர்ப்பார்கள்.

அப்புறம் கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: சொந்த ஆஸ்பத்திரி உண்டா, ஐ.சி.யு. என்கிற தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை கட்டில், வென்டிலேட்டர் ஓடுகிறதா, பாடம் எடுப்பவர் இதே படிப்பைப் படித்தவரா, போன வருடப் பிள்ளைகள் எங்கே பயிற்சிக்குப் போனார்கள். இது ஏட்டில் வருகிற வித்தை இல்லை. மூச்சுக்குத் தவிக்கிறவர்களைத் தினம் பார்க்காமல் பட்டம் வாங்கி வந்த பிள்ளை, முதல் நைட் டூட்டியில் மானிட்டர் அலறும்போது கை நடுங்கி நிற்கும். ஐ.சி.யு. சின்னதாக இருக்கிற இடத்தில் ஃபீஸ் எவ்வளவு குறைவானாலும் நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன்.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அரசு வேலை ஒன்றுதான் குறி என்றால் நர்ஸிங்குக்குப் போகட்டும்; செவிலியருக்கு இருக்கும் அளவு பணியிடங்கள் இதில் கிடையாது. தனியாரில் மதுரை, கோவை, சென்னை என்று பெரிய ஐ.சி.யு. இருக்கும் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், இராமேஸ்வரம் பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்கிற வேலை இல்லை. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. வளைகுடா நாடுகளில் இதற்குத் தனி லைசென்ஸ் உண்டு. அனுபவமும் தேர்வும் கேட்பார்கள், பட்டம் வாங்கியதும் பறந்துவிட முடியாது. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென ஆணையமும் பதிவும் கொண்டுவந்திருக்கிறது. போகப் போக முறையாகப் படித்தவருக்கும் மாடியறை டிப்ளமோக்காரருக்கும் வித்தியாசம் தெரியும். உங்கள் மகளுக்கு இயற்பியல் பிடிக்கும், மெஷினைக் கண்டால் கழற்றிப் பார்க்கத் தோன்றும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியால்தான் நான் அவள் பக்கம் சாய்கிறேன். மூன்றாம் தடவை நீட்டுக்கு உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

மதினியிடம் சொல்லுங்கள்: சி.ஓ.பி.டி.யும் ஆஸ்துமாவும் ஒட்டுகிற நோய்கள் இல்லை. காசநோய் ஒட்டும். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காற்றில் வருவது. தட்டு, டம்ளரால் வராது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். என்-95 மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டு, ஜன்னல் திறந்த வார்டில் வேலை செய்து ஆயிரக்கணக்கானவர்கள் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். உண்மையில் வீட்டார் யோசிக்க வேண்டியது நைட் டூட்டியை. ஹாஸ்டல் எவ்வளவு தூரம், இரவில் கல்லூரி வண்டி விடுமா என்று கேளுங்கள்.

பணத்துக்கு: அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மீனவர் நல வாரியத்தில் நீங்கள் பதிந்திருந்தால் கல்வி உதவிக்கும் மனுக் கொடுங்கள், அட்டை புதுப்பித்ததா என்று முதலில் பாருங்கள்.

பெங்களூரில் சீட் வாங்கித் தருவதாக வந்த புரோக்கருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியலோடு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மதினியும் வாருங்கள்; ஏற்கெனவே கொடுத்திருந்தால் ரசீதையும் எடுத்து வாருங்கள். கடலுக்குப் போகாத நாள்தானே. மகளையும் கூட்டி வாருங்கள், அவளிடம் நான் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.