ஸ்டாலின் வாழ்க்கை வரலாறுகளில் எதை நம்புவது?
சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஜோசப் ஸ்டாலினைப் பற்றிய புத்தகங்கள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எதை நம்பலாம் என்பது கேள்வி. ஒரு வாழ்க்கை வரலாற்றை மதிப்பிடுவது என்றால், எழுதியவர் யார், எப்போது எழுதினார், எந்த ஆவணங்கள் அவர் கைக்குக் கிடைத்தன என்று பார்ப்பதுதான்.

சோவியத் காலத்தில் ஆவணக் காப்பகங்களும் அச்சகங்களும் கட்சியின் பிடியில் இருந்தன. அங்கே வெளியான தன் அதிகாரப்பூர்வ வாழ்க்கை வரலாற்றை ஸ்டாலினே திருத்தினார் என்று, அவருக்குப் பின் கட்சித் தலைவரான குருஷ்சேவ் 1956 உரையில் அம்பலப்படுத்தினார். தனக்குத் தற்பெருமையே கிடையாது என்ற வரியைக்கூட ஸ்டாலின் தன் கையாலேயே சேர்த்திருந்தாராம்! பிறந்த தேதிகூட மாறியது: தேவாலயப் பதிவில் 1878, அரசுக் கொண்டாட்டத்தில் 1879. வெளிநாட்டில் எழுதியவர்களோ பெரும்பாலும் நாடுகடத்தப்பட்டவர்களின் நினைவுகளை நம்ப வேண்டியிருந்தது. அவர்களில் ட்ரொட்ஸ்கி, கட்சித் தலைமைக்கான போட்டியில் ஸ்டாலினிடம் தோற்று நாடுகடத்தப்பட்ட நேரடி எதிரி.

பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதோடு நிறுத்தாமல் அக்கம்பக்கத்திலும் விசாரிப்போம் இல்லையா, அப்படித்தான் இதுவும். அக்கம்பக்கத்தாருக்கும் பழைய பகை இருக்கலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு காப்பகங்கள் திறந்ததால் ஆவணத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்டாலின் ஆட்சியில் பெருமளவில் கைதுகள் நடந்த 1937, 1938 ஆண்டுகளின் விசாரணைக் கோப்புகளில் உள்ள ஒப்புதல் வாக்குமூலங்களில் பல, அடித்து வாங்கப்பட்டவை.