நன்றி நாள் வான்கோழி: கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவில் நன்றி நாளான (தேங்க்ஸ்கிவிங்) நவம்பர் நாலாவது வியாழன் நெருங்கினாலே, வான்கோழி சமைப்பது பற்றி எனக்கு இந்தக் கேள்விகள்தான் வரும். இந்த வருடம் வந்தவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, 14 பவுண்டு வான்கோழி ஃப்ரீசரில் இருக்கிறது. எப்போது வெளியே எடுப்பது?

சனிக்கிழமையே எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. நீர் கசியும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தும் வயிற்றுக்குள் ஐஸ் இருந்தால் கவரைப் பிரிக்காமல் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கொரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். ராத்திரி முழுக்க மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

மஞ்சள் போட்டுக் கழுவலாமா?

கை பரபரக்கும், தெரியும். ஆனால் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், பக்கத்தில் சாலடுக்கு நறுக்கி வைத்த வெள்ளரிக்காய் வரை கிருமியைக் கொண்டுபோகும். பேப்பர் டவலால் ஒற்றி எடுங்கள். ஈரம் போனால்தான் தோலும் மொறுமொறுவென்று வரும்.

உப்புத் தண்ணீரில் ஊற வைப்பதா, உப்பைத் தடவி வைப்பதா?

தடவுவதுதான் என் கட்சி. அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு ஃப்ரிட்ஜில் யாரிடம் இடம் இருக்கிறது? 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கோஷர் உப்பு (பரல் பெரிதாக இருக்கும் உப்பு). தூள் உப்பு என்றால் பாதி. மார்புத் தோலுக்கு அடியில் விரலை விட்டு மெதுவாகக் கிளப்பி, சதையிலேயே தடவுங்கள். செவ்வாய் இரவு தடவி மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் வியாழனுக்குச் சரியாக இருக்கும். அதற்கு முன் கவரைப் படியுங்கள். உப்புக் கரைசல் ஏற்றியது என்று போட்டிருந்தால் மறுபடி உப்பு வேண்டாம்.

ஸ்டஃபிங்கை (ரொட்டித் துண்டுக் கலவை) வான்கோழிக்கு உள்ளே அடைப்பதா, தனியாகவா?

தனியாக. உள்ளே வைத்தால் பச்சைக் கறியின் சாறு ரொட்டியில் இறங்கும். அதனால் ஸ்டஃபிங்கின் நடுப்பகுதியும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டியாக வேண்டும். அது எட்டுவதற்குள் மார்புக்கறி பஞ்சு மாதிரி வறண்டிருக்கும்.

ரொட்டியை முந்தைய நாளே துண்டு போட்டுக் காய வையுங்கள். நிறைய வெண்ணெயில் வெங்காயம், செலரி வதக்கி, சேஜ், தைம் இலை போட்டு, ரொட்டியோடு சேர்த்து, சிக்கன் ஸ்டாக்கும் ஒரு முட்டையும் விட்டுப் பிசறுங்கள். கையில் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. 350 டிகிரி ஓவனில் 25 நிமிடம் மூடி, அப்புறம் 20 நிமிடம் திறந்து. தென் மாநிலங்களில் சோள ரொட்டியில் செய்து டிரெஸ்ஸிங் என்பார்கள். எனக்கு அதுதான் ஒரு படி மேல். இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நாலு மணி நேரம் ஓவன் முன்னால் நிற்க முடியாது. வேறு வழி?

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கனமான கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மார்பு மேலே வரும்படி திருப்பிப் போட்டு, மார்பெலும்பை 'டக்' என்று சத்தம் வரும் வரை இரண்டு கையாலும் அழுத்துங்கள். தட்டையாகிவிடும். 425 டிகிரியில் 12 பவுண்டு வான்கோழி ஒன்றரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். தொடையும் தோலும் ஒரே சீராக வரும். முழுசாக மேசையில் வைத்து ஃபோட்டோ எடுக்க முடியாது, அவ்வளவுதான் நஷ்டம். வெட்டிய முதுகெலும்பு கிரேவிக்கு.

எண்ணெயில் முழுசாகப் பொரிக்கலாமா?

ருசி அபாரம். ஆனால் வீட்டுக்கு வெளியே, சுவரை விட்டுத் தள்ளி மட்டுமே. ஐஸ் துளி இருந்தாலும் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும். அபார்ட்மெண்ட் பால்கனியில் நினைக்கவே வேண்டாம்.

வெந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? கூடவே, வெந்ததும் எழும்பும் என்று ஒரு பிளாஸ்டிக் குச்சி வந்தது.

அந்தக் குச்சி எழும்பும்போது பெரும்பாலும் கறி வறண்டிருக்கும். தெர்மாமீட்டர் வாங்குங்கள். மார்பின் தடித்த இடத்திலும், எலும்பில் படாமல் தொடையிலும் 165 காட்ட வேண்டும்; தொடை 175 போனால் இன்னும் மெத்தென்று இருக்கும். இறக்கி அரை மணி நேரம் கழித்து வெட்டுங்கள்.

மிச்சம்?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், நாலு நாளில் தீர்த்துவிடுங்கள். எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டால் வெள்ளிக்கிழமைக்கு ரசம் ஆயிற்று.