இரவில் மின்னலைப் படம் எடுப்பது எப்படி? பட்டனை அழுத்துவதற்குள் மறைந்துவிடுகிறதே!

கேமராவும் ஸ்டாண்டும் இருக்கின்றன, ஆனால் மின்னலைப் பார்த்து அழுத்தினால் இருட்டுதான் பதிவாகிறது, தொடர்ச்சியாக நூறு படம் எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்த்துவிட்டு அழுத்தும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்கே கால் நொடி போய்விடும். அதற்குள் பெரும்பாலான மின்னல் முடிந்திருக்கும். இரவில் மின்னலைத் துரத்தவே வேண்டாம். ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவை, திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். இருட்டில் பத்து பதினைந்து நொடி திறந்திருந்தாலும் படம் கெடாது. அந்த இடைவெளியில் மின்னல் வெட்டினால் தானாகவே பதிவாகிவிடும். மின்னலை உணர்ந்து கேமராவை இயக்கும் கருவி ஒன்று விற்கிறார்கள். அது பகலுக்குத்தான் தேவை, இரவுக்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷட்டர் ஐந்து நொடி திறந்திருந்தாலும் இருபது நொடி திறந்திருந்தாலும் மின்னலின் பளிச்சு மாறாது, ஏனென்றால் அது இருப்பதே ஒரு கணம்தான். அதைக் கூட்டிக் குறைப்பது அபர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) ஐஎஸ்ஓவும் (ஒளியை கேமரா எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்ற அளவு). நொடிக்கணக்கு தெருவிளக்கு, கட்டடம், மேகம் ஆகியவற்றுக்கு. அபர்ச்சர் மின்னலுக்கு, நொடி ஊருக்கு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் கோடு வெள்ளையாகத் தடித்துப்போனால் அபர்ச்சரைச் சுருக்குங்கள். கோடு சரியாக இருந்து வானம் மட்டும் வெளுத்தால் நொடியைக் குறையுங்கள்.

நான் ஐஎஸ்ஓ 100-ல் தொடங்குவேன். அபர்ச்சர் அளவைச் சொல்வது எஃப் எண், எண் கூடினால் துளை சுருங்கும். மின்னல் ஏழெட்டு கிலோமீட்டரில் இருந்தால் எஃப் 8, இருபதைத் தாண்டினால் எஃப் 5.6, கடலுக்கு மேலே வெகுதூரம் போய்விட்டால் எஃப் 4. நேரம் 10 முதல் 20 நொடி. தொடர் படப்பிடிப்பில் வைத்து, வயர் ரிமோட்டின் பட்டனை அழுத்திப் பூட்டிவிட்டால் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் அலைபாயும், அதனால் தூரத்து டவர் விளக்கு ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னப் புள்ளியாகும்வரை கையால் திருப்பி, அப்படியே விட்டுவிடுங்கள். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம், பல லென்ஸ்களில் அது கொஞ்சம் தள்ளியே இருக்கும்.

எங்கே நின்று எடுப்பது என்பதுதான் எனக்கு மிக முக்கியம். மொட்டை மாடியில் இரும்பு ஸ்டாண்டோடு நிற்காதீர்கள். கடற்கரைக்கும் போகாதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மழை பெய்யும் இடத்தை விட்டு பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் தரையைத் தொடும். வெட்டியதற்கும் இடித்ததற்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். என் பாட்டி மின்னியவுடன் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லத் தொடங்கி இடி விழுந்ததும் நிறுத்துவார். அதைக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு எண்ணுவது தானாக வருகிறது. 30 நொடிக்குள் இடி வந்தால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வரக்கூடாது. கேமராவையும் அறைக்குள் வைத்து, திறந்த ஜன்னல் வழியாக எடுக்கலாம். ஜன்னல் கம்பியைத் தொடாதீர்கள். புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். போனில் போட்டு வையுங்கள்.

நான் சென்னையில், திருவான்மியூரில், கிழக்கு பார்த்த நான்காம் மாடியில் இருக்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை ஆறு மணிக்கு வானிலைத் துறையின் ரேடார் படத்தைத் திறந்தால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் சிவப்புத் திட்டுகள் தெரியும். பல நாட்களில் அவை கிழக்கே நகர்ந்து ஒன்பது, பத்து மணிக்கு நகரத்துக்கு மேல் வரும். வரும்போது நான் எடுப்பதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு மேகம் கடலுக்குள் போன பிறகுதான் நல்ல நேரம். மழை நின்று காற்று கழுவினாற்போல் இருக்கும், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் சத்தமே இல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் இந்த வாய்ப்பு குறைவு, மேகம் தாழ்ந்து மழைத்திரை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஒரு அமைப்பை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். நீண்ட நேரப் படங்களில் புள்ளிகளைக் குறைக்க என்று கேமராவுக்குள் ஒன்று இருக்கும். அது இயங்கினால் 15 நொடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 15 நொடி கேமரா எதையும் பதிவு செய்யாது, பாதி மின்னல் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இரவில், நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளுக்கு நேர் மேலே மேகத்தின் உச்சியிலிருந்து தண்ணீர்வரை ஒரே கொடியாக இறங்கிய மின்னலை நான் இழந்தது இப்படித்தான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்புறம் அதே இடத்தில் அப்படி ஒன்று இறங்கவே இல்லை.

நம் காற்றின் ஈரம் இன்னொரு தொல்லை. ஏசி அறையிலிருந்து எடுத்து வந்ததும் லென்ஸ் முகம் வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் திரும்பப் பூக்கும். அரைமணி நேரம் முன்னதாகவே ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கேமராவைப் பைக்குள் மூடியபடியே வைத்துவிடுங்கள்.

கேமரா இல்லாத நாளில் போனை ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்து 4கே வீடியோ எடுங்கள், பிறகு மின்னல் வந்த ஒரு ஃபிரேமை நிறுத்திப் படமாக எடுத்துக்கொள்ளலாம். சில ஃபிரேமில் மேல் பாதி மட்டும் வெளிச்சமாக இருக்கும். போனின் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் அப்படி, உங்கள் தவறு இல்லை.

முப்பது படங்களை மேலே மேலே அடுக்கி, ஒரே நேரத்தில் பத்து மின்னல் விழுந்ததுபோல் சிலர் வெளியிடுகிறார்கள். அடுக்குவது தப்பில்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் எத்தனை நிமிடத்தில் எடுத்தது என்று கீழே எழுதிவிட வேண்டும். 1882-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரர் மின்னலைக் கண்ணாடித் தட்டில் பதிவு செய்தபோது, ஓவியர்கள் அதுவரை வரைந்த கூரான கோணல்கோடு அதில் இல்லை. கிளை பிரிந்து ஓடும் கொடிதான் இருந்தது. நம் ஊரில் அதற்குப் பெயரே கொடிமின்னல். உண்மையில் அது எப்படி இருந்தது என்று காட்டியதால்தான் அந்தப் படம் இன்றும் பேசப்படுகிறது.

செப்டம்பர் முடிய இன்னும் நாள் இருக்கிறது. முதல் இரவு இருநூறு படத்தில் மூன்று தேறினால் நல்ல கணக்கு. அந்த மூன்றில் ஒன்றை எந்த அபர்ச்சரில் எடுத்தீர்கள் என்பதோடு கீழே போடுங்கள், கோடு தடித்திருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.