டாக்டர் அதைக் கேட்கலாமா?

வணக்கம் ஐயா,

நாங்கள் டெக்சஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன வாரம் மகனுக்கு நான்கு வயதுச் செக்கப். கார் சீட், நீச்சல் குளம் என்று கேட்டுக்கொண்டே வந்த டாக்டர், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றார். கணவரிடம் கைத்துப்பாக்கி ஒன்று உண்டு. துணி அலமாரியின் மேல்தட்டில், தோட்டாவோடு, பூட்டாமல்தான் இருக்கிறது. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டில் சொன்னதும் அவருக்குக் கோபம். "ஊசி போடுகிறவருக்கு இது எதற்கு?" என்கிறார். எனக்கும் எல்லை மீறலாகத்தான் பட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

டாக்டர் கேட்டது சரி. அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் குறை சொல்லியிருப்பேன்.

உங்கள் கணவரின் கோபத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்த என் சித்தியை டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தோம். அவர் சித்தப்பாவைத் தனியே அழைத்து, "வீட்டில் பூச்சிமருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றார். "மாத்திரைக்கு வந்தா வீட்டையே துருவுறாரு" என்று பஸ்ஸில் வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டு வந்தார் சித்தப்பா. ஆனால் இருட்டுவதற்குள் பரணிலிருந்த டின்னை இறக்கி, சாக்கில் சுற்றி, தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் மாதக்கணக்கில் தொங்கியது. சித்திக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்தியில் வருவதெல்லாம் பள்ளிக்கூடத்துச் சூடும் கடைவீதிச் சூடும்தான், பாதிக்கு மேற்பட்ட சாவு தற்கொலைதான். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எது என்பதில்தான் உயிர் இருக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தார்கள். 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் அடுத்த 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. மக்களின் துயரம் அந்த அளவுக்குக் குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நஞ்சு எட்டாமல் போனது, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் நான்கு வயதுக்காரன் இருக்கிறான். அந்த நாட்டில் 2020 முதல் ஒன்றிலிருந்து 19 வயது வரையிலானவர்களை அதிகம் கொல்வது துப்பாக்கிதான், சாலை விபத்துகூட அதற்கு அடுத்துத்தான். கார் சீட் பற்றி டாக்டர் கேட்டபோது உங்களுக்குக் கோபம் வரவில்லையே!

இந்த வழக்கு அங்கே கோர்ட் வரை போய்வந்துவிட்டது. ஃபுளோரிடாவில் ஒரு குழந்தை மருத்துவர் கேட்டதற்குத் தாய் பதில் சொல்ல மறுத்தார். வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அவர். (அது தவறு. பதில் சொல்லாததற்காக ஒரு குழந்தையைக் கைவிடுவதா?) அந்தச் சச்சரவிலிருந்து 2011-இல் டாக்டர்களின் வாயைக் கட்டும் சட்டமே வந்தது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டாக்டரின் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று சொல்லி, கேட்கக் கூடாது என்ற பகுதியை ரத்து செய்தது. ஆக, டாக்டர் கேட்கலாம். நீங்கள் பதில் சொல்லாமலும் இருக்கலாம், அது உங்கள் உரிமை.

சில டாக்டர்கள் துப்பாக்கி வைத்திருப்பவரைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்கள். அப்படிப் பேசினால் கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார், பெட்டி பூட்டாமலே கிடக்கும். உங்கள் டாக்டர் துப்பாக்கியை விற்றுவிடச் சொல்லவில்லை. பூட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார். உங்கள் டெக்சஸ் சட்டமே, சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் குற்றம் என்கிறது.

மேல்தட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நாற்காலியை இழுத்துப் போடத் தெரியும். இன்று இரவே தோட்டாவைக் கழற்றி வேறிடத்தில் பூட்டுங்கள். துப்பாக்கிக்கென்று ஒரு பூட்டுப்பெட்டி வாங்குங்கள். சாவி எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணவரும் நீங்களும் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள். மகன் விளையாடப் போகும் வீடுகளிலும் கூச்சப்படாமல் இதே கேள்வியைக் கேளுங்கள். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள், டாக்டரின் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.