சென்னை–சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரமா?

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் போட்டு, விமானத்தில் சிங்கப்பூர் போக ஏழு மணி நேரமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, போகவும் வரவும் தலா ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்தான். தூரம் சுமார் 2,900 கி.மீ.; கிட்டத்தட்ட துபாய்க்குப் போகிற தூரம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கணக்கு. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைத்தான் கழிக்காமல் விட்டிருப்பீர்கள்.

நீங்கள் போட்டிருக்கும் நேரத்தையே பாருங்கள். இரவு 11.15க்கு ஏறி காலை 6.00க்கு இறங்கினால் 6 மணி 45 நிமிடம், இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது 8.00க்கு ஏறி 9.45க்கு இறக்கம்; இந்தப் பக்கம் இரண்டரையைக் கூட்ட வேண்டும், அதே 4 மணி 15 நிமிடம்.

இது நேரடி விமானத்துக்கு மட்டும். கோலாலம்பூர் வழியாகப் போனால் காத்திருப்பும் சேரும். அப்புறம், போகும்போது இரவில் ஏறுவதால் சிங்கப்பூரில் இறங்குவது மறுநாள். ஓட்டல் தேதியைச் சரிபாருங்கள்.